எதிர்த்த லாட்ஜ் ஆவுடையக்கா

போன வாரம் கோவில்பட்டியில் என் லாட்ஜுக்கு ஒரு நூல் வியாபாரி வந்தார். பழைய பழக்கம். பெட்டியைக் கீழே வைத்தார், குழாயடியில் முகம் கழுவினார், துண்டால் துடைத்துக்கொண்டே, "மேனேசர், ஒங்களுக்குச் சேதி தெரியும்லா? ஆவுடையம்மா போயிட்டாவ" என்றார்.

எந்த ஆவுடையம்மா என்று நான் கேட்கவில்லை. எப்படி என்றுதான் கேட்டேன்.

"காலையில நல்லாத்தான் இருந்திருக்காவ. காப்பி குடிச்சிருக்காவ. நாலாம் ரூமுக்குத் தண்ணி போச்சான்னு கேட்டிருக்காவ. போச்சுன்னு பதில் சொல்லுததுக்குள்ள சுவத்துல சாஞ்சுட்டாவளாம்."

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. நூல் வியாபாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. தண்ணீர் போச்சா என்று கேட்காமல் அந்த அம்மாள் கண்ணை மூடியிருந்தால்தான் நான் நம்பியிருக்க மாட்டேன்.

சங்கரன்கோவில் ரயிலடியில் இறங்கிக் கோயிலைப் பார்க்க நடந்த உங்களில் பலருக்கு அந்த ரோட்டில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு லாட்ஜுகள் நினைவிருக்கும். ஒன்றில் மேனேஜராக இருந்தவன் நான். இன்னொன்று ஆவுடையக்காவினுடையது. பத்து வருஷத்துக்கு மேலாக நாங்கள் தொழிலில் போட்டிக்காரர்கள். போட்டிக்காரன் எதற்கு அஞ்சலி எழுதுகிறான் என்று நினைக்க வேண்டாம். தங்க வந்தவர் ஒரு நாள் இரண்டு நாள் அக்காவைப் பார்த்திருப்பார். நான் தினமும் பார்த்தேன். அவர் வாசலில் எத்தனை ஜோடிச் செருப்பு கிடக்கிறது என்று எட்டிப் பார்ப்பதுதான் என் முதல் வேலையாக இருந்தது.

யுத்தம் முடிந்திருந்த சமயம். மதுரையில் ஒரு பெரிய லாட்ஜில் நான் குமாஸ்தா. ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி ஒருவர் சங்கரன்கோவிலில் மாடி வைத்துக் கட்டடம் கட்டி, அதை நடத்த என்னைக் கூட்டிவந்தார். மதுரையில் பார்த்தபடியே எல்லாம் செய்தேன். மாடி ரூம்களுக்குக் கட்டில், மெத்தை, நிலைக்கண்ணாடி வைத்து 'முதல் வகுப்பு' என்று கதவில் எழுதச் சொன்னேன். கீழே உள்ளவை 'இரண்டாம் வகுப்பு'. பின்னால் இருந்த நீள ஹாலில் பாய் விரித்தால் அது 'பொது'. எல்லாவற்றுக்கும் மேலே, மின்சார விசிறி மாட்டிய இரண்டு ரூம்கள் 'ஸ்பெஷல்'.

பெயிண்ட் காய்வதற்குள் எதிர் வீட்டிலிருந்து ஓர் அம்மாள் ரோட்டைக் கடந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம். நெற்றியில் கோயில் பிரசாதமான புற்றுமண். யாரையும் கேட்காமல் மாடிக்கு ஏறி ஒவ்வொரு கதவாகப் படித்துக்கொண்டே போனார்.

"இது என்ன தம்பி, முதல் வகுப்பு, ரெண்டாம் வகுப்பு? பரிட்சை வச்சு ஏத்திவிடுவியளோ?"

"வசதிக்குத் தக்கபடி வாடகை அம்மா. கட்டில், மெத்தை, விசிறி..."

"சரிதான். நீங்க ரூமைப் பாத்து வகுப்பு வைக்கிய. நான் வார ஆளைப் பாத்து வைக்கேன். நடக்கட்டும்." படியிறங்கும்போது திரும்பினார். "அம்மான்னு கூப்பிடாதிய. அக்கான்னு கூப்பிடுங்க. ஒங்களை விட ரொம்ப ஒண்ணும் மூப்பு இல்ல நான்."

அவருடைய கணவர் நூல் வியாபாரம் செய்தவர். யுத்த காலத்தில் நூலும் கிடைக்கவில்லை, அவர் உடம்பும் தாங்கவில்லை. அவர் போன பிறகு எட்டு அறை கொண்ட நூல் குடோன்தான் மிஞ்சியது. அக்கா அதைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, கட்டில் போட்டு, 'இங்கு தங்க இடம் கிடைக்கும்' என்று ஒரு பலகை மாட்டினார். லாட்ஜுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. அந்த அறைகளில் நூலுக்குப் போடும் கஞ்சிப்பசை வாசனை கடைசிவரை போகவில்லை. ஆனாலும் ஆட்கள் அங்கேதான் போனார்கள்.

ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. ஒரு மத்தியான வேளை, ரயில் இல்லாத நேரம், நேரே போய்க் கேட்டுவிட்டேன். அக்கா ஒளிக்கவில்லை.

"இந்த ஊருக்கு யாரெல்லாம் வாரான்னு பாருங்க தம்பி. கோயிலுக்கு வாரவன் ஒருத்தன். விடியுமுன்ன குளிக்கணும். அவனுக்குக் கிணத்தடி ரூம். மிளகா வத்தல், பருத்தி, சேலை வாங்க வாரவன் ஒருத்தன். அவனுக்கு ரூமே வேண்டாம், மூட்டையப் பத்திரமா வைக்க இடம் இருந்தாப் போதும். பத்திர ஆபீசுக்கு வாரவன் இன்னொருத்தன். பாகம் பிரிக்க வந்த அண்ணன் தம்பியைப் பக்கத்துப் பக்கத்து ரூமுல போட்டா நடுச்சுவரு நிக்குமா? ஒருத்தனுக்கு முதல் ரூம், ஒருத்தனுக்குக் கடைசி ரூம். கையெழுத்துப் போடுத வரைக்கும் காப்பியக்கூட தனித்தனியாத்தான் அனுப்புவேன்."

"பொண்ணு பார்க்க வர்றவங்க?"

அக்கா சிரித்துவிட்டார். "அது ராச ரூம்லா? வாசல் ரூம். பெரிய கண்ணாடி அங்கதான் வச்சிருக்கேன். வாடகை கூட. பேரமே பேச மாட்டாவ. சம்பந்தி வீட்டு ஊருல வந்து வாடகைக்கு மல்லுக்கட்டினான்னு பேரு வந்திரக் கூடாதுல்லா!"

இதெல்லாம் எப்போதும் சரியாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை மொட்டைத் தலையும் நெற்றி நிறைய விபூதியுமாக ஒருவர் வந்தார். நேர்த்திக்கடன் ஆள் என்று அக்கா அவரைக் கிணத்தடி ரூமில் போட்டு, வெங்காயம் பூண்டு இல்லாமல் சாப்பாடு வரவழைத்து, விடியுமுன்னே கதவைத் தட்டி எழுப்பியும் விட்டார். அவர் கூந்தல் தைலக் கம்பெனியின் ஏஜெண்ட். மொட்டை போட்டது இல்லை, இயற்கை வழுக்கை. கோபமாகப் புறப்பட்டு என் லாட்ஜுக்கு வந்து ஸ்பெஷல் ரூம் கேட்டார். அன்று சாயங்காலம் அக்கா என் வாசலுக்கு வந்து, மாடியைக் காட்டி, "மொட்டைத் தலையன் தைலம் விக்க வருவான்னு எந்தக் கணக்குல தம்பி சேக்க?" என்று கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போனார். பிறகு பல நாள் என்னைப் பார்த்தாலே சிரிப்புத்தான்.

வருமானத்துக்காக நான் செய்த முதல் காரியம், ரயிலடி ஜட்காக்காரர்களுக்குக் கமிஷன் கொடுத்தது. ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேச்சு. அக்கா கமிஷன் கொடுக்கவில்லை. காலை வண்டி வருவதற்கு முன் ஜட்காக்காரர்கள் எல்லோருக்கும் இட்லி கொடுத்தார். நான் கமிஷனைக் கூட்டினேன். அக்கா இட்லியோடு வடை வைத்தார். ஜட்காக்காரர்களில் மூத்தவர் இசக்கி. அவர் காலையில் அங்கே சாப்பிட்டுவிட்டு, இங்கே ஓர் ஆளை இறக்கிக் கமிஷன் வாங்கிக்கொண்டு, அடுத்த ஆளை அங்கே இறக்குவார். குதிரை கொழுத்தது. இசக்கியும் கொழுத்தார்.

ஒருநாள் அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "ஏன் தம்பி, நம்ம ரெண்டு பேரும் இசக்கிக்குச் சம்பாதிச்சுப் போடத்தான் லாட்ஜு வச்சிருக்கமா?"

அன்று அங்கேயே நின்றபடி ஓர் உடன்படிக்கை ஆயிற்று. கமிஷனும் இல்லை, வடையும் இல்லை. இட்லி மட்டும் இருக்கட்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டார். என்னிடம் இடம் நிறைந்தால் அவரிடம் அனுப்ப வேண்டும், அவரிடம் நிறைந்தால் என்னிடம். அந்த உடன்படிக்கையை இருவருமே மீறவில்லை. என் முதலாளிக்கு மட்டும் இது கடைசிவரை தெரியாது.

அதன்பின் தொழில் பேச்சு சகஜமாயிற்று. ஆடி மாதம் என் ஸ்பெஷல் ரூம்கள் காலியாகக் கிடப்பதைச் சொல்லி வருத்தப்பட்டேன். "மேல்காத்து கதவப் பிச்சுக்கிட்டுப் போகுது. இதுல காசு குடுத்து விசிறி எவன் போடுவான்? ஆனி ஆடி ரெண்டு மாசமும் ஸ்பெஷல் வாடகைய எடுத்துருங்க. பங்குனியில சேத்து வாங்கிக்கிடலாம்" என்றார். அப்படியே செய்தேன். மாடி நிறைந்தது. பதிலுக்கு நானும் ஒன்று சொல்லிக் கொடுத்தேன். அவரிடம் வந்தவர்கள் கணக்கில்லாமல் தங்கிவிடுவார்கள். பெண் வீட்டிலிருந்து பதில் வரட்டும் என்று ஒரு மாப்பிள்ளை வீட்டார் வாசல் ரூமிலேயே குடித்தனம் நடத்தியதும் உண்டு. இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு வாடகை என்று சொல்லிவிட வேண்டும் என்றேன். அக்காவுக்கு அது பிடித்தது. ஆனால், நேரமாச்சு கிளம்புங்கள் என்று வாயால் சொல்ல அவருக்கு வரவில்லை. யோசித்து ஒரு வழி கண்டார். வாடகை நாளுக்குள் இருப்பவர்களுக்குக் காலையில் காப்பி இலவசம். நாள் கடந்தவர் ரூமுக்குக் காப்பி போகாது. "பக்கத்து ரூமுல டம்ளர் சத்தம் கேக்கும்லா. புரிஞ்சிக்கிடுவான்" என்றார். புரிந்துகொண்டார்கள்.

இப்படிச் சிரிப்பும் போட்டியுமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் எஸ்தர் வந்தாள்.

அது மத்தியான வண்டி வந்த நேரம். வெள்ளைச் சேலை, கையில் ஒரு தகரப் பெட்டி, இருபத்திரண்டு இருபத்திமூன்று வயது. இசக்கி ஜட்காவை என் வாசலில் நிறுத்தினார். ஊரில் புதிதாகத் திறந்திருந்த பிரசவ ஆஸ்பத்திரிக்கு மருத்துவச்சியாக உத்தரவு வாங்கி வந்திருந்தாள். தங்குவதற்கான வீடு இன்னும் கட்டி முடியவில்லையாம். சொந்த ஊர் நாசரேத் பக்கம். கூட யாரும் இல்லை.

என் லாட்ஜ் பலகையில் வாடகை விவரங்களுக்குக் கீழே கடைசி வரியாக, 'தனியாக வரும் பெண்களுக்கு அறை இல்லை' என்று இருந்தது. மதுரையிலும் அப்படித்தான், திருநெல்வேலியிலும் அப்படித்தான். எல்லா லாட்ஜிலும் இருந்த வரி அது. நான் அதைச் சொல்வதற்கு முன் அந்தப் பெண்ணே படித்துவிட்டாள்.

"திருநெல்வேலி ஜங்ஷன்லயும் இதே போட்டிருந்தது சார்" என்றாள். குரலில் கோபம் இல்லை. பெட்டியைத் தூக்கப் போனாள். அடுத்து எங்கே போவாள் என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. பெட்டியை நான் வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன்.

அக்கா வத்தலைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். எஸ்தரை மேலும் கீழும் பார்த்தார்.

"பிரசவம் பாப்பியா?"

"பார்ப்பேன் அம்மா."

"தனியாவா?"

"டாக்டர் வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வருவாங்களாம். மத்த நாள் தனியாத்தான்."

"ஊரு பிள்ளை எல்லாத்தையும் தனியாப் பெத்தெடுக்க வந்தவ தனியா ஒரு ரூமுல இருக்கக் கூடாதாக்கும்! ஏட்டி, உள்ள போ. என் ரூமுக்குப் பக்கத்து ரூம். வென்னி போடுதேன், குளி."

என்னிடம் திரும்பி, "இவளை எதுல சேக்கது தம்பி? கோயிலும் இல்ல, சரக்கும் இல்ல, பத்திரமும் இல்ல" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

ஒரு வாரம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு பேச்சு கிளம்பியது. பேசியவர்களில் முக்கியமானவர் பொன்னையா அண்ணாச்சி. விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருந்தவர். குருவிகுளம், இளையரசனேந்தல் பக்கம் விளையும் வத்தலை வாங்க வாராவாரம் வருவார். அக்காவின் பழைய வாடிக்கை. அவர் தங்கும் இடத்தில்தான் மற்ற வியாபாரிகளும் தங்குவார்கள். ஒருநாள் மூட்டைகளோடு என் லாட்ஜுக்கு வந்து நின்றார்.

"வே மேனேசர், ரூம் இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி. ஏன், எதிர்ல இடம் இல்லையா?"

"அங்கன ஒரு பொம்பளப் பிள்ளை தனியா இருக்கு. நாலு ஆம்பிளையாளு வந்து போற இடம். நாளைக்கு ஊரு என்ன பேசும்? நமக்கு எதுக்கு வே அந்தப் பேச்சு?"

"அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தது அண்ணாச்சி."

"வேலைக்கு வந்ததுன்னா அப்பனையோ அண்ணனையோ கூட்டிட்டு வரணும்லா? ஆவுடைக்கிட்ட சொல்லிப் பாத்தேன். கேக்க மாட்டேங்காவ. அந்தப் பிள்ளை போகட்டும், நான் வாரேன்."

அடுத்த வாரம் மற்ற வத்தல் வியாபாரிகளும், அவர்களைப் பார்த்துச் சேலை வியாபாரிகளும் ரோட்டைக் கடந்து வந்தார்கள். என் லாட்ஜ் நிரம்பி வழிந்தது. முதலாளி ராஜபாளையத்திலிருந்து வந்து என் தோளில் தட்டினார். எதிர் வாசலில் செருப்புகள் குறைந்துகொண்டே வந்தன. சில நாள் எஸ்தரின் ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் கிடந்தது. நிறைந்தால் அங்கே அனுப்புவது என்ற உடன்படிக்கைப்படி நான் அனுப்பிப் பார்த்தேன். போனவர்கள் திரும்பி வந்து என் ஹாலிலேயே படுத்தார்கள்.

அக்கா பயந்துதான் போனார். எதற்கும் கலங்காத அம்மாள் என்று அவரைப் பற்றிச் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. ஒரு பிற்பகல், ரூம் ரூமாகக் கதவைத் திறந்து வைத்து, காலி அறைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "தம்பி, தப்புப் பண்ணிட்டனோ?" என்று கேட்டார். அந்த நேரம் எஸ்தர் தன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளிருந்து வந்தாள். ஆஸ்பத்திரியிலேயே ஒரு மூலையில் படுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

அதுவரை வாடிப்போய் உட்கார்ந்திருந்தவருக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ!

"ஏட்டி, ஒன்னைய யாரு போகச் சொன்னா? நான் சொன்னனா? வாடகை குடுத்திருக்கியா இல்லியா?"

"குடுத்திருக்கேன் அம்மா. ஆனா உங்களுக்கு..."

"எனக்கு என்ன? வாடகை குடுத்த ஆளை நான் என்னைக்கும் வெளிய அனுப்பினது இல்ல. பெட்டிய உள்ள வை. வச்சுட்டு வந்து சாப்பிடு."

எஸ்தர் பெட்டியை உள்ளே வைத்தாள். அவள் போனதும் அக்கா என்னைப் பார்த்து, மெதுவாக, "தப்பு இல்ல தம்பி" என்றார். எனக்குச் சொன்னாரா தமக்குச் சொல்லிக்கொண்டாரா தெரியாது.

நிலைமை மாறியது யாரும் எதிர்பாராத வழியில். பிரசவ ஆஸ்பத்திரியில் கட்டில் கொஞ்சம்தான். கிராமத்திலிருந்து வலி கண்ட பெண்ணை மாட்டு வண்டியில் கொண்டுவருவார்கள். கூட அம்மா, மாமியார், நாத்தனார் என்று ஒரு கூட்டம் வரும். அவர்கள் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில்தான் சோறு பொங்கிப் படுத்துக் கிடப்பார்கள். ஒருநாள் மழை. எஸ்தர் அவர்களை எல்லாம் கூட்டிவந்து அக்கா முன்னால் நிறுத்திவிட்டாள். சிவகிரிப் பக்கத்துப் பெண்கள். நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு ரூம் வாடகையைக் கொடுக்க அவர்களால் முடியாது. அக்கா ஒரு பாயை எடுத்து உதறினார்.

"ரூமை வாடகைக்கு விட வேண்டாம். பாயை வாடகைக்கு விடுதேன். ஒரு பாய்க்கு ரெண்டணா. முடியுமா?"

முடியும் என்றார்கள்.

அப்புறம் அது நிற்கவில்லை. பிள்ளை பெற்றுக்கொண்டு ஊருக்குப் போனவர்கள், சங்கரன்கோவிலில் பொம்பளைகள் பயமில்லாமல் தங்க ஓர் இடம் இருக்கிறது என்று சொன்னார்கள். கோமதியம்மனுக்கு வேண்டிக்கொண்டு வந்து கோயில் மண்டபத்தில் முந்தானையை விரித்துப் படுத்தவர்கள் பாய் கேட்டு வந்தார்கள். பள்ளிக்கூட டீச்சர்கள் வந்தார்கள். கட்டிலை எல்லாம் அக்கா எடுத்துவிட்டார். முன்பு ஒரு வியாபாரி தங்கிய ரூமில் ஐந்தாறு பாய் விழுந்தது. என்னோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது அக்காவே நம்பவில்லை. வத்தல் வியாபாரிகள் தங்கியபோது வந்ததை விட வருமானம் கூடியிருந்தது. "ஒரு கட்டில் போட்ட இடத்துல மூணு பாய் விழுது தம்பி. இம்புட்டு நாளும் கட்டிலுக்குல்லா சம்பாதிச்சுக் குடுத்திருக்கேன்!" என்றார். வாசல் ரூம் கண்ணாடியை மட்டும் எடுக்கவில்லை. வருகிற பெண்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று ஒரு தடவை தலையைச் சரிசெய்துகொண்டுதான் கோயிலுக்குக் கிளம்புவார்கள்.

அடுத்து ஆடித்தபசு வந்தது. அந்தத் திருநாளில் எங்கள் ஊரைப் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. தபசுக் காட்சிக்கு வத்தலும் பருத்தியும் காணிக்கையாக வீசிச் சூறை விட, கரிசல் காட்டு ஜனம் முழுவதும் அங்கேதான் இருக்கும். காலையிலேயே என் ரூம்களும் ஹாலும் நிறைந்துவிட்டன. பத்து மணி சுமாருக்குப் பொன்னையா அண்ணாச்சி வந்தார். இந்தத் தடவை மூட்டையோடு வரவில்லை. மனைவி, மாமியார், கல்யாணமாகாத இரண்டு பெண்கள். அண்ணாச்சிக்கென்று ஓர் இடத்தை ஹாலில் பிடித்து வைத்திருந்தேன். குடும்பத்தோடு வருவார் என்று எனக்குத் தெரியாது.

அண்ணாச்சியின் மனைவி ஹாலை எட்டிப் பார்த்தார். துண்டை விரித்துக்கொண்டு ஐம்பது ஆண்கள். "இங்கன எப்படி இருக்க?" என்று கேட்டுவிட்டு நேரே எதிர் வாசலைப் பார்த்தார். அங்கே பெண்களும் பிள்ளைகளும் சிரிப்பும் வளையல் சத்தமுமாக இருந்தது. "அங்கன போவோம்."

அண்ணாச்சி என்னைத் தனியே இழுத்தார். "வே மேனேசர், நீரு போயி ஒரு வார்த்தை கேளும்."

"நீங்களே வாங்க அண்ணாச்சி. நானும் கூட வாரேன்."

கூட்டத்தில் நீந்தி ரோட்டைக் கடந்தோம். அக்கா வாசலில் நின்று பாய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எஸ்தர் ஒரு கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணாச்சியைப் பார்த்ததும் அக்கா முகம் மலர்ந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே மலர்ந்தது.

"வாங்க அண்ணாச்சி! பாத்து எம்புட்டு நாளாச்சு. வாங்க மதினி. பிள்ளைகளா, உள்ள போங்க. வென்னி இருக்கு. ஏட்டி எஸ்தரு, ஆச்சியக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ."

பெண்கள் உள்ளே போனார்கள். அண்ணாச்சிக்கு நெஞ்சுப் பாரம் இறங்கிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஓர் எட்டு வைத்தார். அக்காவின் கை நிலைப்படியில் குறுக்கே வந்தது.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம். ஒங்களுக்கு எதிர்த்தாப்புல."

"என்னது?"

"இங்கன ஆம்பிளையாளு தனியா வந்தா ரூம் தாரதில்ல அண்ணாச்சி. இத்தனை பொம்பளையாளுக இருக்குத இடம். நாளைக்கு ஊரு என்ன பேசும்?"

முதலில் சிரித்தது அண்ணாச்சியின் மனைவிதான். உள்ளிருந்தே சிரித்தார். பிறகு அவர் பெண்கள். பிறகு அந்த எட்டு ரூமும் சிரித்தது. எதற்குச் சிரிக்கிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. அண்ணாச்சி முகம் அவர் மண்டி வத்தலைப் போலச் சிவந்தது. சண்டை வரும் என்று நான் பயந்தேன். அவர் மனைவியின் சிரிப்பு அடங்குவதாகத் தெரியவில்லை. கடைசியில் அண்ணாச்சிக்கே உதட்டில் சிரிப்பு துடித்தது. "வாரும் வே, போவோம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். ரோட்டின் நடுவில் வந்த பிறகு அவரும் வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் காலையில் அக்கா வீட்டு வாசல் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அக்காவே காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

"ரூம்தான் தர மாட்டிய. காப்பியாவது தாரியளே."

"காப்பிக்கு ஆம்பிளை பொம்பளை கிடையாது அண்ணாச்சி."

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க வீட்டுக்காரி சொன்னா. அந்த நர்சுப் பிள்ளைகிட்ட நேத்து ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாளாம். நல்ல பிள்ளைன்னா."

"காப்பி ஆறுது, குடிங்க" என்றார் அக்கா. அவ்வளவுதான். பொன்னையா அண்ணாச்சி அதற்குப் பிறகும் என் லாட்ஜில்தான் தங்கினார். காப்பி மட்டும் எதிரே.

அந்தத் திருநாள் முடிந்த கையோடு ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டு என் பலகையின் கடைசி வரியை அழிக்கச் சொன்னேன். முதலாளி கேட்டபோது, அந்த வரியால் எதிர் லாட்ஜுக்கு எவ்வளவு வருமானம் போகிறது என்று சொன்னேன். முன்பாக இருந்தால் மனிதத்தன்மை பற்றி ஏதாவது பேசியிருப்பேன். அக்காவோடு பழகிய பிறகு முதலாளிகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்திருந்தது. அவர் உடனே சரி என்றார்.

எஸ்தர் மூன்று வருஷம் அங்கே இருந்தாள். வீடு கட்டி முடிந்த பிறகும் போகவில்லை. பிறகு தென்காசிப் பக்கம் மாற்றலாகிப் போனாள். அவள் புறப்பட்ட அன்று இசக்கி ஜட்காவில் புது மெத்தை போட்டுக்கொண்டு வந்தார். அக்கா வாசலில் இறங்கி, ரோட்டில் வந்து நின்றார். ஜட்கா ரயிலடிப் பக்கம் திரும்பி மறையும் வரை நின்றார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லை. வண்டி மறைந்ததும், அந்த ரூமைக் கூட்டச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எஸ்தருக்கு மட்டும் அப்படி நின்றார் என்று இல்லை. யார் புறப்பட்டாலும், அடுப்பில் என்ன இருந்தாலும், கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டுக்கு வருவார். பத்திரக்காரன், பாய்க்காரி என்று வித்தியாசம் கிடையாது. நான் ஒருமுறை கேட்டேன், வருகிறவர்களைத்தானே கவனிக்க வேண்டும், போகிறவர்களைப் பார்த்து என்ன லாபம் என்று.

"வரும்போது வாங்க வாங்கன்னு எல்லா லாட்ஜுக்காரனும் சொல்லுவான் தம்பி. பணம் வரணும்லா. பணத்தைக் குடுத்துட்டுப் போறவனைப் பாத்து ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டான். அவனுக்கும் ஒரு முகம் இருக்குல்லா" என்றார்.

நயா பைசா வந்த வருஷம் நான் கோவில்பட்டிக்கு வந்து சொந்தமாக இந்த லாட்ஜை எடுத்தேன். அன்றும் அக்கா ரோட்டில் வந்து நின்றார். பஸ் ஜன்னல் வழியே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எதிர் லாட்ஜ் மேனேஜர் ஊரை விட்டுப் போகிறான் என்ற சந்தோஷம் கொஞ்சமும் அந்த முகத்தில் இல்லை.

அக்காவிடமிருந்து தொழிலில் பலதையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் லாட்ஜிலும் விசிறி வாடகை ஆடியில் இறங்கும், பங்குனியில் ஏறும். நாள் கடந்தவருக்குக் காப்பி போகாது. இதெல்லாம் வேறு யாரிடமும் கற்றுக்கொண்டிருக்கலாம். அவரிடமிருந்து மட்டுமே எடுத்துக்கொள்ளக் கூடியது, இந்த ரோட்டுக்கு வந்து நிற்பது. எனக்கு அது இன்னும் இயல்பாக வரவில்லை. பாதி நாள் மறந்துவிடும்.

சேதி சொன்ன நூல் வியாபாரி நேற்றுக் காலை புறப்பட்டார். நான் மேஜையை விட்டு எழுந்து அவர் கூடவே படியிறங்கி, ரோட்டில் போய் நின்றேன். அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தார். நான் இன்னும் நிற்பதைக் கண்டு பதறிப்போய், வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பையைத் தடவினார்.

"என்ன மேனேசர், எதையாவது மறந்து வச்சுட்டனா?"

"ஒண்ணும் இல்லை. சும்மாதான் நிக்கேன். போயிட்டு வாங்க."